மழைத்துணி தைத்த தேரை

அந்தக் காலத்தில், தண்ணீரில் கிடப்பதும் தரையில் திரிவதும் ஒன்றோடொன்று வாய் பேசிக்கொண்டிருந்தபோது, தேரையின் முதுகு துலக்கி வைத்த வெண்கலக் கிண்ணம் போல வழவழவென்று இருந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். இப்போது அந்த முதுகைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார்களே, அவர்களுக்குத்தான் இந்தக் கதை. சொல்லுகிற எனக்கே வாய் வராத இடம் ஒன்று இதில் உண்டு. அதற்குள் கொஞ்சம் சமாசாரம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கரிசல் காட்டின் நடுவில், உடைமரங்கள் சூழ்ந்த குளம் ஒன்று. உடையங்குளம் என்று பெயர். தவளைகளும் தேரைகளும் அங்கே ஒரே ஊராகத்தான் இருந்தார்கள். அந்த ஊரில் சீனியம்மா என்றொரு தேரை. அவளுடைய முதுகு மற்ற எல்லாருடைய முதுகையும்விட ஒரு மாற்றுக் கூடுதல். அது அவளுக்கும் தெரியும். நடந்து போகும்போது வெயில் முதுகில் படுகிற பக்கமாகப் பார்த்துத்தான் நடப்பாள். அவளுடைய புருஷன் நல்ல குளமாகப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மேற்கே போனவன், பார்த்துக்கொண்டே இருக்கிறான் போல, திரும்பி வரவில்லை. பிள்ளைகள் எல்லாம் இன்னும் தலைப்பிரட்டைகள். வாலும் வாயுமாகக் குளத்தில் நெளிந்துகொண்டிருந்தன.

இனி மேகத்தின் விஷயம். மேகத்துக்கு அப்போதும் கண் கிடையாது, இப்போதும் கிடையாது. கடலில் மொண்டு தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் தடவித் தடவித்தான் வரும். எந்த ஊருக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதற்காகத்தான் ஒவ்வொரு குளத்தங்கரையிலும் பாறைமேல் மழைத்துணி விரிப்பார்கள். தாமரைத் தண்டின் நூலில் நெய்த துணி. அது முழுக்க முடிச்சுத் தையல். மேகம் கையை இறக்கித் தடவிப் பார்க்கும். விரலில் எவ்வளவு முடிச்சு தட்டுப்படுகிறதோ அவ்வளவு மழை. சங்கிலித் தையல், இலைத் தையல் எல்லாம் பார்வைக்கு அழகுதான், ஆனால் தடவினால் ஒன்றும் பெரிதாகத் தெரியாது. துணிக்கு மேலே கடுகு கடுகாக எழும்பி நிற்பது முடிச்சு ஒன்றுதான். ஆகவே மேகம் வேறு எந்தத் தையலையும் சட்டை செய்யாது.

மேகம் பரம சாது. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஏதாவது கேட்பதென்றால்கூடக் காதோடு காதாகத்தான் கேட்கும். மழையும் அப்படித்தான், பூ உதிர்கிற மாதிரி அளந்து பெய்யும்.

துணி தைப்பது முறை வைத்து. வருஷத்துக்கு ஒரு வீடு. சீனியம்மாவின் முறைக்கு இன்னும் நாள் இருந்தது. அதனால் அவள் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்றுக்கொள்ளாதது மட்டுமா? ஒவ்வொரு வருஷமும் துணி விரித்ததும் முதல் ஆளாகப் போய்க் குற்றம் சொல்வாள். "இதென்ன முடிச்சா, எலிப் புழுக்கையா?" என்பாள். ஊரே சிரிக்கும். தைத்தவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவாள்.

அந்த வருஷம் கோடை வந்தது, போகவே இல்லை. குளம் வற்றி, குட்டையாகி, குட்டையும் சுருங்கி, ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கிடக்கிற ஒரு பள்ளத்துத் தண்ணீர் மட்டும் மிஞ்சியது. அப்போதுதான் ஊர்ப் பெரியதவளை ஐயம்பெருமாள் சீனியம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார்.

"சீனியம்மா, இந்த வருஷம் துணி உன் வீட்டு முறை."

"எனக்கு முந்தி ஆண்டி வீடுல்லா இருக்கு?"

"ஆண்டி குடும்பத்தோட மேலக்குளத்துக்குப் போயிட்டான். அங்கன முழங்கால் தண்ணி கிடக்காம். அவனை விட்டா நீதான்." ஐயம்பெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உனக்கு முடிச்சுப் போடத் தெரியும்லா?"

 இத்தனை வருஷம் ஊரார் முடிச்சை எல்லாம் எள்ளி நகையாடிய வாய். அந்த வாயால் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"தெரியாம என்ன" என்றாள்.

"இந்தத் தடவை முடிச்சு நெருக்கமா இருக்கணும்மா. மேகம் வந்து தடவி, துணி வெறுமையா இருந்துதுன்னா அடுத்த ஊரைப் பாத்துப் போயிரும். பள்ளத்துல பிள்ளைக கிடக்கு. உன் பிள்ளைகளுந்தான்."

அவர் போன பிறகு அவள் பள்ளத்துப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். நேற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் இன்றைக்குச் சேறு வெடித்திருந்தது. பிள்ளைகள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு. மானம் போனாலும் போகட்டும் என்று நேரே நத்தை மூக்கம்மாவின் வாசலுக்குப் போய் நின்றாள்.

மூக்கம்மா சீனியம்மாவைவிடக் கொஞ்சம் மூத்தவள்; அடுத்தடுத்த வீடு; சீனியம்மா அவளை வாய்க்கு வாய் மதினி என்று கூப்பிடுவாள். முடிச்சுத் தையலில் அந்தக் குளத்தில் மூக்கம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. நூலைச் சுற்றுகிற வேலை அவளுக்கு உடம்போடு பிறந்தது. அவள் முதுகில் இருக்கிற சுருள் ஓட்டைப் பார்த்தாலே தெரியும். ஒரே ஒரு குறை, பேச்சு மெதுவு. மெதுவு என்றால் சாதாரண மெதுவு அல்ல. ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு ஓட்டுக்குள் போய் மூச்சு வாங்கிவிட்டு, அப்புறம் வெளியே வந்துதான் அடுத்த வாக்கியம். அந்த இடைவெளியில் ஒருவன் ஒரு பானைச் சோறு வடித்துவிடலாம்.

"மதினி, எனக்கு முடிச்சுப் போடச் சொல்லிக் குடுங்க. ஊருக்குள்ள யார்ட்டயும் மூச்சு விட்டுராதீங்க."

மூக்கம்மாவின் கொம்புகள் இரண்டும் மெல்ல நிமிர்ந்தன. சீனியம்மாவுக்குத் தையல் தெரியாதா? மூக்கம்மாவுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும், ஆனால் அதைக் காட்டுவதற்கும் நேரம் பிடித்தது.

"போன வருஷம் என் முடிச்சப் பாத்து எலிப் புழுக்கைன்னு சொன்னியே" என்றாள் கடைசியில்.

"அறியாத்தனமாச் சொல்லிட்டேன் மதினி. பிள்ளைக பள்ளத்துல கிடக்கு."

மூக்கம்மா ஓட்டுக்குள்ளிருந்து முழுசாக வெளியே வந்தாள். மீன்முள்ளில் செய்த ஊசியை எடுத்தாள். எருக்கம் நாரில் திரித்த நூலைக் கோத்தாள். ஊசியை அடியிலிருந்து துணிக்கு மேலே எடுத்தாள். நூலை ஊசியின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றினாள். சுற்று அவிழாமல் நூலை ஒரு கையால் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, ஊசியைத் திரும்பக் கீழே இறக்கி இழுத்தாள். துணிமேல் ஒரு முடிச்சு, முளைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

"பூ, இவ்வளவுதானா" என்றாள் சீனியம்மா.

ஊசியை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று ஒரு வரிசை போட்டாள். எடுத்தாள், சுற்றினாள், இறக்கினாள். தன் கைவேகத்தைத் தானே மெச்சிக்கொண்டாள். வரிசை முடிந்ததும் மேகம் தடவுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவிப் பார்த்தாள்.

துணி மொழுமொழுவென்று இருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை.

கண்ணைத் திறந்து பார்த்தாள். துணியைத் திருப்பினாள். உதறினாள். தன் கையையே ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். இப்போதுதானே போட்டாள், ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே போட்டாளே, எங்கே போயிற்று? யாரோ பின்னாலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்ட மாதிரி இருந்தது. 

"வந்த ஓட்டையிலயே திரும்பப் போனா முடிச்சு எங்கட்டி நிக்கும்? உருவிக்கிட்டு அடியில போயிரும்" என்றாள் மூக்கம்மா. உள்ளே போனாள். மூச்சு வாங்கினாள். வந்தாள். "ஒரு இழை தள்ளி எறக்கு."

ஒரு இழை தள்ளி இறக்கினாள். முடிச்சு நின்றது. ஆனால் கொசகொசவென்று அவிழ்ந்த கொண்டை மாதிரி நின்றது. நூலைத் தொய்ய விட்டால் அப்படித்தான் என்று மூக்கம்மா சொன்னாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நிழல் ஒரு புறத்திலிருந்து இன்னொரு புறத்துக்குப் போய்விட்டது. சீனியம்மா நூலை விறைப்பாகப் பிடித்தாள். ஊசியை ஒரு இழை தள்ளி இறக்கினாள். மெதுவாக இழுத்தாள்.

கடுகளவு முடிச்சு. உருண்டையாக, கெட்டியாக, தொட்டால் விரலை எதிர்த்து நின்றது. சீனியம்மா அதைத் தடவினாள். திரும்பத் தடவினாள். தன் கையால் இப்படி ஒன்று வரும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை. இத்தனை வருஷம் இதையா எலிப் புழுக்கை என்று சொன்னோம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் மூக்கம்மா. "அதுதான் எல்லாத்தையும்விட முக்கியம்." சொல்லிவிட்டு ஓட்டுக்குள் போனாள்.

சீனியம்மா காத்திருந்தாள். மூக்கம்மாவின் வாசலில், உடைமரத்துக் கிளையில், கோரையை வளைத்துக் கட்டிய ஒரு வளையம் தொங்கியது. அது எதற்கு என்று கேட்க நினைத்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் பள்ளத்தின் பக்கம் காக்கைச் சத்தம் கேட்டது. அவளுக்கு அதற்குமேல் அங்கே இருப்புக் கொள்ளவில்லை.

"மதினி, அத நாளைக்கு வந்து கேட்டுக்கிடுதேன்" என்று ஓட்டின் வாயருகே சொல்லிவிட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினாள்.

மறுநாள் வந்து பார்த்தால், மூக்கம்மாவின் ஓட்டு வாய் மூடிக் கிடந்தது. வெள்ளையாக ஒரு திரை, சுண்ணாம்பு பூசிய மாதிரி. வெயில் பொறுக்காவிட்டால் நத்தைகள் அப்படித்தான், வாசலை அடைத்துக்கொண்டு தூங்கிவிடும். மழை விழுந்தால்தான் திறக்கும். சீனியம்மா தட்டினாள். "மதினி, அந்த இன்னொண்ணு என்னது?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

"பெரிய முக்கியம். முந்தியில குஞ்சம் கட்டுதது, ஓரம் மடிக்கது, இப்படி என்னமாவது இருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பினாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்லி முடித்துவிடுவாள்.

நிழலில் போய் உட்கார்ந்து தைக்க முடியாது. பள்ளத்தை விட்டு நகர்ந்தால் காக்கை வந்துவிடும். ஆகவே பள்ளத்தின் ஓரத்திலேயே, பட்டப்பகல் வெயிலில் உட்கார்ந்தாள். தேரையின் தோல் காய்ந்தால் தேரை பிழைக்காது. அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மழைத்துணியை ஈரச் சேற்றில் நனைத்து முதுகோடு போர்த்திக்கொண்டாள். தோலுக்கும் குளிர்ச்சி, துணியும் கைக்கு எட்டும் தூரத்தில். போர்வையின் ஓரத்தைத் தோள்வழியாக முன்னால் இழுப்பது, அந்த இடத்தில் தைப்பது, இன்னும் கொஞ்சம் இழுப்பது, அங்கே தைப்பது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

தேரையின் தோல் தளர்ச்சியான தோல். எந்தப் பக்கம் இழுத்தாலும் கூடவே வரும். ஈரத் துணியோ சருமத்தோடு சருமமாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேற்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கதை நிற்காதே.

எடுத்தாள், சுற்றினாள், ஒரு இழை தள்ளி இறக்கினாள். முதுகு சுள்ளென்றது.

"வெயிலு என்னமா ஊசியாக் குத்துது" என்றாள் பிள்ளைகளிடம்.

எடுத்தாள், சுற்றினாள், இறக்கினாள். தோள் சுள்ளென்றது. இடுப்புப் பக்கம் சுள்ளென்றது. ஒவ்வொரு தடவையும் அவள் நிமிர்ந்து சூரியனைத்தான் முறைத்தாள். அவளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தைக்கிற வேகம் வந்துவிட்டால் அப்படித்தான். கையில் வருகிற முடிச்சைத் தவிர வேறு எதுவும் மனசில் ஏறாது. அதிலும் அவள் போட்ட முடிச்சு நாளாக நாளாக அழகாகிக்கொண்டே வந்தது. ஒன்றுக்கொன்று இடிக்காமல், இடம் விடாமல், நெருக்கமாக.

"அம்மா, தண்ணி சுடுது" என்றது பள்ளத்திலிருந்து ஒரு பிள்ளை.

"கொஞ்சம் பொறுங்க. முடியப் போகுது."

"வாலு தரை தட்டுது அம்மா."

அவள் நூலை இன்னும் விறைப்பாகப் பிடித்தாள்.

கடைசி முடிச்சைப் போட்டு நூலைப் பல்லில்லாத வாயால் இழுத்து அறுத்த அன்றைக்கே கிழக்கில் மேகம் தெரிந்தது. ஊரே கரைப்பாறையில் கூடிவிட்டது. ஐயம்பெருமாள் பள்ளத்துக்கு வந்து நின்றார். போர்வையில் நிறைந்து கிடந்த முடிச்சுகளைப் பார்த்துவிட்டு அவர் அசந்துபோனார்.

"ஏ அம்மா, என்ன வேலைப்பாடு. குறை சொல்லுத வாய்க்குக் கை இருக்குன்னு காட்டிட்டியே. எடு, எடு, பாறையில விரிப்போம்."

சீனியம்மா பெருமையோடு எழுந்தாள். துணியை முதுகிலிருந்து சரித்தாள். சரியவில்லை. குலுக்கினாள். நகரவில்லை. சேறு காய்ந்து ஒட்டியிருக்கும் என்று ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

தோல் கூடவே வந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இன்னொரு ஓரத்தை இழுத்தாள். அதுவும் தோலோடு வந்தது. அப்போதுதான் ஒவ்வொரு சுள்ளும் அவளுக்கு ஞாபகம் வந்தது. தோளில், இடுப்பில், நடுமுதுகில். அது வெயில் இல்லை. ஒருநாளும் வெயில் இல்லை. இத்தனை நாளும் துணியையும் தன்னையும் சேர்த்து வைத்துத் தைத்திருக்கிறாள்.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. கண்கள் இரண்டும் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டன.

"என்னம்மா, என்ன ஆச்சு" என்று ஐயம்பெருமாள் கிட்டத்தில் வந்தார். பார்த்தார். இளந்தவளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டார். இளந்தவளைகள் இரண்டு ஓடிவந்தன. மேகம் தலைக்கு மேலே நெருங்கிக்கொண்டிருக்கிறது. நின்று யோசிக்க நேரமில்லை. மூன்று பேரும் சேர்ந்து துணியைப் பிடித்தார்கள்.

"பொறுத்துக்கோம்மா" என்றார் ஐயம்பெருமாள்.

இழுத்தார்கள். தாமரை நூல் துணி, இளக்கமான நெசவு. முடிச்சுகள் கெட்டி. பட் பட் பட் என்று சத்தம் கேட்டது. துணி அவர்கள் கையோடு வந்துவிட்டது. மூவரும் மல்லாக்க விழுந்தார்கள்.

விழுந்த இடத்திலிருந்து துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். ஓட்டை ஓட்டையாகச் சல்லடை. ஒரு முடிச்சு இல்லை. எல்லாரும் மெதுவாகச் சீனியம்மாவின் பக்கம் திரும்பினார்கள். அத்தனை முடிச்சும் அங்கே இருந்தது. வெண்கலக் கிண்ணம் போல இருந்த முதுகில், கடுகும் மிளகுமாக, தலையிலிருந்து தொடை வரைக்கும்.

பாறையில் கூடியிருந்தவர்களும் ஓடி வந்து பார்த்தார்கள். ஒரு தாய்த்தவளை, கால் முளைத்துக் கரையேறிய தன் பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள். எப்போதும் சிரிக்கிற ஊர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடச் சீனியம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குள் மேகம் வந்துவிட்டது. வழக்கம்போலச் சத்தமில்லாமல் பாறைமேல் கையை இறக்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் ஐயம்பெருமாள் ஓட்டைத் துணியையே பாறையில் விரித்துவிட்டார். மேகம் தடவியது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவியது. திரும்பவும் தடவியது.

"இந்த ஊருக்கு வேண்டாமாக்கும்" என்று மெல்லக் கேட்டது. "சரி. உங்க இஷ்டம்."

கையை எடுத்துக்கொண்டு நகரத் தொடங்கியது. பள்ளத்திலிருந்து பிள்ளைகளின் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சீனியம்மாவை உலுக்கியது. கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள் கத்துவதை விட்டுவிட்டன.

அவள் தாவினாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, யாருக்குக் காட்டக் கூடாது என்று நினைத்தாளோ அந்த முதுகோடு, துணிக்கு நடுவில் போய் விழுந்தாள். தலையைத் தாழ்த்தினாள். முதுகை உயர்த்தினாள். "இங்கன இருக்கு, தடவிப் பாருங்க" என்று சொல்ல நினைத்தாள். தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. ஆனால் விலகிப் போன மேகத்தின் கடைசி விரல் அவள் முதுகின்மேல் பட்டது.

மேகம் நின்றது.

"அட, இங்கே இருக்கா" என்றது. தடவியது. "நல்ல நெருக்கம். கெட்டி வேலை. இந்த மாதிரி முடிச்சு நான் எந்த ஊரிலேயும் தொட்டது இல்லையே." விரலை இன்னும் அழுத்தியது. தோள் பக்கம் போனது, நடுமுதுகுக்கு வந்தது. அங்கே அப்படியே விரலை வைத்துக்கொண்டிருந்தது.

மேகம் துணி என்று நினைத்தது ஏறியது. துணி இறங்கியது. மறுபடியும் ஏறியது.

"இது மூச்சு விடுது" என்றது மேகம். அதன் குரல் மாறிவிட்டது. "துணிக்குள்ள உசிர் இருக்கு."

பிறந்த நாளிலிருந்து ஒரு சத்தம் போட்டறியாத மேகம், அப்போது போட்டது ஒரு சத்தம். காடு குலுங்கியது. உடைமரங்களிலிருந்த பறவை எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பின. கரையில் நின்ற தவளைகள் நின்ற இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டன. வானம் இடிந்து விழுகிறது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்கு முன்னால் இடி என்று ஒன்றை யாரும் கேட்டதில்லை. அதற்குப் பெயரும் கிடையாது. திடுக்கிட்டதில் மேகத்தின் கையிலிருந்த பாரம் நழுவியது. அளந்து பெய்ய வேண்டிய தண்ணீர் மொத்தமும் குடம் கவிழ்ந்த மாதிரி உடையங்குளத்தின்மேல் கொட்டியது.

பள்ளம் நிறைந்தது. பள்ளம் மறைந்தது. காடெல்லாம் ஓடிவந்த வெள்ளம் குளத்துக்குள் பாய்ந்து, மறுபக்கத்து மடையை உடைத்துக்கொண்டு வெளியே ஓடியது. தண்ணீருக்கு ஏங்கிக் கிடந்த பிள்ளைகளை இப்போது தண்ணீரே அள்ளிக்கொண்டு போனது.

தாய்த்தவளைகள் குதித்தார்கள். பிள்ளைகளை முதுகில் ஏற்றப் பார்த்தார்கள். வழவழ முதுகில் என்ன நிற்கும்? ஏறியது எல்லாம் சறுக்கிக்கொண்டு போனது. கையும் காலும் முளைக்காத பிள்ளைகள். பிடிப்பதற்கு அவற்றிடம் இருந்தது வாய் ஒன்றுதான்.

சீனியம்மா மடைவாயில் போய்க் குறுக்கே கிடந்தாள். அவளுடைய பிள்ளைகள் வெள்ளத்தோடு வந்தன. அவளைப் பார்த்தன. வீறிட்டன.

"அம்மா எங்கே? இது யாரு?"

அந்தக் கேள்வி ஊசியைவிட ஆழமாக இறங்கியது. அழக்கூட நேரமில்லை.

"நான்தான். என்னைப் பாக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு முடிச்சக் கவ்வுங்க."

குரல் அம்மாவின் குரல். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு கவ்வின. ஒரு முடிச்சுக்கு ஒரு வாய். வெள்ளம் இழுத்தது, முடிச்சு ஒன்றாவது அவிழவில்லை. ஒரு இழை தள்ளி இறக்கிய முடிச்சு, நூலை விறைப்பாகப் பிடித்துப் போட்ட முடிச்சு. பின்னாலேயே தவளைப் பிள்ளைகளும் வந்தன. இடம் கிடைத்த முடிச்சை எல்லாம் அவையும் கவ்விக்கொண்டன. முதுகு கொள்ளாத பிள்ளைகளோடு அவள் ஒவ்வோர் அடியாகக் கரைமேல் ஏறி, தண்ணீர் தேங்கியிருந்த பாறைக் குழியில் போய் இறங்கினாள்.

ஐயம்பெருமாள் குழியின் ஓரத்தில் வந்து நின்றார். தன் பேரப்பிள்ளைகள் நெளிவதைப் பார்த்தார். அவளைப் பார்த்துக் கைகூப்பினார். 

மழை ஓய்ந்து தூறலானபோது, சேற்றில் மூக்கம்மா ஊர்ந்து வந்தாள். ஈரம் பட்டு வெள்ளைத் திரை உடைந்து, இப்போதுதான் விழித்திருக்கிறாள். வெள்ளம் வந்ததும் தெரியாது, ஊர் அலறியதும் தெரியாது. கொம்புகளை நிமிர்த்தி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

"அந்த இன்னொண்ணு என்னன்னா சீனி, துணிய வளையத்துல மாட்டித்தான் தைக்கணும்." உள்ளே போனாள். மூச்சு வாங்கினாள். வெளியே வந்தாள். "போர்த்திக்கிட்டு மட்டும் தச்சிராதே."

சீனியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் முதுகில் ஒவ்வொரு முடிச்சாகத் தட்டியது. ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கினாள். திட்ட வேண்டுமா? அந்த ஒரு வாக்கியம் முன்னாலேயே காதில் விழுந்திருந்தால் முதுகு முதுகாக இருந்திருக்கும். மழை அளவாகப் பெய்திருக்கும், மடை உடைந்திருக்காது. இன்னொரு வார்த்தை வந்தது, அதையும் விழுங்கினாள். குழியிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. ஒன்று மெதுவாக ஏறி வந்து, கண்ணை மூடாமல் அவளைப் பார்த்துக்கொண்டே, ஒரு முடிச்சைக் கவ்விக்கொண்டு கிடந்தது. 

அதற்கப்புறம் உடையங்குளத்தில் யாரும் மழைத்துணி தைக்கவில்லை. தேரைப் பிள்ளைகள் வால் போய்க் கால் முளைத்துக் கரையேறியபோது, எல்லாப் பிள்ளைகளின் முதுகிலும் முடிச்சு இருந்தது. யாரும் தைக்கவில்லை, தானாகவே வந்திருந்தது.

அன்று முதல்தான் தேரைக்குப் பிதுங்கிய கண்ணும், சொல்ல வந்ததை விழுங்கி விழுங்கி ஏறி இறங்குகிற தொண்டையும், முதுகு நிறைய முடிச்சும். அன்று முதல்தான் மழை வருகிறபோது தேரை ஒளியாமல் வெட்டவெளிக்கு வந்து முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறது. மேகமும் அதைத் தடவிப் பார்த்துத்தான் பெய்கிறது. எத்தனை தடவை தொட்டாலும் அந்த மூச்சு அதற்குப் பழகவில்லை, இன்றைக்கும் கை பட்டதும் இடி இடிக்கிறது.